ரெண்டு சுத்து ஏத்து

நிலைய நாள் 411. மாலை 19:20. கொட்டகை.

செவலைக்கு மாதாந்திர வேலை முடிந்தது. கியர் பாக்ஸ் ஆயில் மாற்றியாயிற்று. வடிகட்டி மாற்றியாயிற்று. பிரஷர் கூட்டியாயிற்று.

இதை யார் எப்போது படிப்பார்கள் என்று தெரியாததால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நான் தமயந்தி, ஊர் சோமனூர். கோவையில் பந்தயக் கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தேன். என்னைச் சனிக்கோளின் நிலா வரைக்கும் இழுத்து வந்ததற்கு ஒரே காரணம் செவலை என்கிற இந்த லாரி. டைட்டனில் வெளியே மைனஸ் நூற்றெண்பது டிகிரி. மின்சார வண்டிகள் இரண்டும் ஆறே மாதத்தில் பாட்டரி செத்துப் படுத்துவிட்டன. ஆனால் இங்கே காற்றிலேயே மீத்தேன் இருக்கிறது. ஊரில் வண்டி எரிபொருளைச் சுமந்துகொண்டு காற்றை வெளியிலிருந்து எடுக்கும். இங்கே தலைகீழ். எரிபொருள் வெளியே சும்மா கிடக்கிறது, ஆக்சிஜனைத்தான் டாங்க்கில் சுமக்க வேண்டும்.

கியர் பாக்ஸுக்குள் கிளட்ச் பிளேட்டுகளை இறுக்கிப் பிடிப்பது ஆயிலின் பிரஷர். அது சரியாக இருந்தால் கியர் டக்கென்று விழும். குறைந்தால் பிளேட் வழுக்கும், சூடாகும், கருகும். பந்தயத்தில் வழுக்கினால் நேரம் போகும். இங்கே ஆக்சிஜன் போகும். அதனால்தான் சுமை லாரிக்குப் பந்தய பாக்ஸ், அதற்கு நான்.

இன்றைக்கு வேலை பார்த்தது நான் இல்லை, ரொமால்டு அண்ணன். தூத்துக்குடிக்காரர், இருபது வருடம் கப்பல் எஞ்சின் அறையில் இருந்தவர், இங்கே நிலையத்தைச் சூடாக வைக்கும் அணுக் கொதிகலன் அவர் பொறுப்பு. அடுத்த கலம் வரும்வரை நிலையத்தில் நாங்கள் இரண்டே பேர். பழைய ஆயிலைச் சூடாக வடிக்கும்போது என் வலது கையில் கொட்டிக்கொண்டேன். கட்டுப்போட்ட கையோடு கட்டிலில் படுத்துக்கொண்டு இன்டர்காமில் அதிகாரம் பண்ணினேன்.

"உள்ள ஒரு ஸ்குரூ இருக்குமுங்கண்ணா, ரெண்டு சுத்து ஏத்துங்க."

"ஏத்தியாச்சு பிள்ள. வேற?"

"அவ்வளவுதானுங்க. அடித்தட்டை மூடிருங்க."

மூடினார். போல்ட்டெல்லாம் ஒரே அளவில் இறுகவில்லை என்றேன். "ஒன் வாயில ஒரு நல்ல வார்த்த வராதா?" என்றார். வராது. வாங்கிய ஸ்பேனரைத் திருப்பித் தராத மனிதருக்கு எப்படி வரும்? எட்டாம் நம்பர் ஸ்பேனர் இந்த நிலாவிலேயே ஒன்றுதான் உண்டு. அது எப்போதும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும்.

எஞ்சினைப் போட்டுப் பார்த்ததில் பிரஷர் மீட்டர் ஒன்பது காட்டியது. ஒன்பதுதான் வேண்டும். ஆனால் குளிர்ந்த ஆயில் கெட்டி, அதில் மீட்டர் எப்போதும் கூட்டித்தான் காட்டும். நாளை சூடாக்கி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்.

நாள் 412. காலை 06:30. கிளம்புமுன்.

ஓட்டிப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

மூன்றரை மணிக்குப் பிரிப்பான் வெடித்தது. பனிக்கட்டியை உருக்கி ஆக்சிஜனும் ஹைட்ரஜனுமாகப் பிரிக்கிற எந்திரம் அது, எங்கள் மூச்சு முழுக்க அதிலிருந்துதான். உள்ளே மின்தட்டு அடுக்கு பிளந்து, நிலையத்தின் கூடம் முழுவதும் ஹைட்ரஜன் பரவிவிட்டது. ஒரு பொறி போதும், நிலையமே போயிருக்கும். தூங்கும் அறையை மட்டும் இறுக மூடிவிட்டு, வெளிக்காற்றை உள்ளே விட்டு மற்ற எல்லா அறைகளையும் அலசித் தள்ளினோம். உயிர் பிழைத்தோம். கூடத்தில் இப்போது மூச்சுவிட ஒன்றும் இல்லை.

மாற்று அடுக்கு ஒன்று இருக்கிறது, நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி. போன வருடம் வழி தவறி இறங்கிய சரக்குக் கலத்தில். பூமி இப்போது சூரியனுக்குப் பின்னால் இருக்கிறது. இன்னும் எட்டு நாளுக்கு யாரிடமும் யோசனை கேட்க முடியாது.

அண்ணன் என்னோடு வர முடியாது. வெடிப்பில் கொதிகலனின் தானியங்கிப் பகுதி நொறுங்கிவிட்டது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆள் நின்று வால்வைக் கையால் திருகிவிட வேண்டும். விட்டால் குழாய்கள் உறைந்து வெடிக்கும், அதற்குப்பின் அடுக்கைக் கொண்டுவந்து என்ன பிரயோஜனம்? மூச்சுக்கு அவருக்குத் தூங்கும் அறையில் மிஞ்சிய காற்றும், உடுப்பு சிலிண்டர்களும். எல்லாம் சேர்த்து நாளை காலை நாலரை வரை வரும். செவலையின் டாங்க் நிறைந்திருக்கிறது. போய்வர அது மொத்தமும் வேண்டும். அதிலிருந்து சிலிண்டருக்கு மாற்றும் குழாயும் வெடிப்பில் போயிற்று. இந்த லாரி ஒரு மணி நேரத்தில் தின்னும் ஆக்சிஜன் அண்ணனுக்கு மூன்று நாள் மூச்சு. இதை யோசிக்காமல் ஓட்ட வேண்டும்.

சாதாரணமாக ஓடினால் இன்று இரவு ஒன்பதுக்குள் திரும்பிவிடுவேன். மீட்டர் ஒன்பது காட்டுகிறது. சூடாகட்டும், பார்ப்போம்.

நாள் 412. 10:35. 85-ஆம் கிலோமீட்டர்.

மூன்றாவது கியர் வழுக்குகிறது. எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. ஆயில் சூடாகிவிட்டது. மீட்டர் ஐந்து.

முதலில் வடிகட்டியைத் திட்டினேன். பிறகு பம்ப்பைத் திட்டினேன். பிறகு வண்டியை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நேற்றைய வேலையை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தை அப்போதுதான் காதில் விழுந்தது. 'ரெண்டு சுத்து ஏத்துங்க.'

நான் சொன்னது பிரஷரை. என் பட்டறையில் 'ஏத்து' என்றால் பிரஷரை ஏற்றுவது, அதற்கு ஸ்குரூவை எந்தப் பக்கம் திருகினாலும் சரி. அண்ணன் கப்பல்காரர். அவருக்கு ஏறுவது ஸ்குரூ. 'மரை ஏறல', 'நட்டு ஏறிட்டு' என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற மனிதர். ஸ்குரூவை இரண்டு சுற்று உள்ளே ஏற்றியிருக்கிறார். மற்ற எந்த பாக்ஸாக இருந்தாலும் வித்தியாசமே இல்லை, ஸ்குரூ உள்ளே போனால் பிரஷர் ஏறும். இது மட்டும் எதிர்ப்பக்கம். இதில் வெளியே எடுத்தால்தான் ஏறும். அது எனக்குத் தெரியும் என்பதால் அவருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

நான் கேட்டது இரண்டு சுற்று கூட. கிடைத்தது இரண்டு சுற்று குறைவு. அவரையும் திட்ட முடியவில்லை, என்னையும் முழுசாகத் திட்ட முடியவில்லை. தமிழைத்தான் திட்ட வேண்டும்.

ஸ்குரூ அடித்தட்டுக்கு உள்ளே இருக்கிறது. இந்தக் குளிரில் தட்டைத் திறந்தால் ஆயில் கல்லாகிவிடும். கொட்டகைக்குத் திரும்பிப் போய்ச் சரிசெய்து மறுபடி கிளம்ப டாங்க்கில் ஆக்சிஜன் இல்லை, அண்ணனுக்கு நேரமும் இல்லை. முன்னால்தான் போக வேண்டும்.

நாள் 412. 11:20.

ஒரு குறுக்கு வழி. ஆக்ஸிலேட்டரிலிருந்து பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகிறது. மிதிக்க மிதிக்க அது பிரஷரையும் கூட்டும். இருக்கைக்குக் கீழே மூடியைக் கழற்றி, அந்தக் கேபிளை முழுசாக இழுத்துக் கம்பியால் கட்டிவிட்டேன். நான் எப்போதும் மிதித்துக்கொண்டே இருக்கிறேன் என்று பாக்ஸ் ஏமாறும். மீட்டர் ஏழுக்கு வந்தது.

இதற்குக் கூலி உண்டு. கியர் தாமதமாகத்தான் மாறும், எஞ்சின் கத்திக்கொண்டேதான் ஓடும். மூன்றாவதை மறந்துவிட்டு இரண்டிலேயே போகிறேன். ஏற்கெனவே எவ்வளவு கருகியது என்று தெரியாது.

அண்ணன் ரேடியோவில் வந்தார். "செவலை எப்படி ஓடுது பிள்ள?"

"குளிருக்குக் கொஞ்சம் முரண்டு புடிக்குதுங்கண்ணா. வந்துருவேன்."

"அத அதட்டாத. நீ அதட்டுனா மனுசனே ஓடமாட்டான்."

நாள் 412. 16:50. சரக்குக் கலம்.

அடுக்கை ஏற்றியாயிற்று. முந்நூறு கிலோ. இந்த நிலாவில் கனம் ஏழில் ஒன்றுதான் என்றாலும் ஒற்றைக் கையால் கட்டி இழுத்து ஏற்றுவதற்குள் இரண்டு முறை விழுந்தேன். பார்த்துச் சிரிக்க ஆள் இல்லை. கலம் காலியாக, கதவு திறந்தபடி, ஆரஞ்சு மூட்டத்தில் நிற்கிறது. எங்கேயும் ஒரு சத்தம் கிடையாது. நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு மனிதர் இருக்கிறார், அதற்கப்பால் பூமி வரைக்கும் யாருமே இல்லை. இதுவரை எனக்கு இது உறைத்ததில்லை. இன்று உறைத்தது.

திரும்பக் கிளம்பும் நேரத்தில் அண்ணன் கூப்பிட்டார்.

"பிள்ள, ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லு. நேத்து நீ ஏத்தச் சொன்னியே, அது ஸ்குரூவையா, பிரஷரையா?"

உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைத்தால் இந்த மனிதர் எதையும் கண்டுபிடித்துவிடுவார். அங்கே அவருக்கு இருப்பது நேரம் மட்டும்தான்.

"ஸ்குரூவைத்தானுங்கண்ணா."

"நெசமாவா?"

"நெசந்தானுங்க. நீங்க சரியாத்தான் செஞ்சிருக்கீங்க."

"சரி பிள்ள" என்றார்.

பொய்தான். இருட்டறையில் தனியாக, எண்ணிவைத்த மூச்சோடு உட்கார்ந்திருக்கும் ஆளிடம் வேறு என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் வண்டி ஒரு கிலோமீட்டர்கூட வேகமாக ஓடப்போவதில்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், நான் மரை கழண்டவள்தான், ஆனால் அவ்வளவு கழண்டவள் இல்லை.

நாள் 412. 21:05. நிலையத்துக்கு இன்னும் 70 கிலோமீட்டர்.

போய்விட்டது.

மேட்டில் ஏறும்போது முதலில் நாற்றம் வந்தது, பிறகு எஞ்சின் சும்மா சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று எதுவும் பிடிக்கவில்லை. முன்னால் போகும் எல்லாக் கியருக்கும் ஒரே கிளட்ச். காலையிலிருந்து வழுக்கி வழுக்கி அது கரியாகிவிட்டது.

ரேடியோவை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. "முடியலீங்கண்ணா. கிளட்ச் போச்சு. நாலரைக்குள்ள என்னால வர முடியாதுங்க. அப்புறம் ஆளில்லாத எடத்துக்கு நான் வந்து என்ன பண்றது? நான் இங்கயே உக்காந்துக்கறேன்."

சொல்லும்போது அது நாடகமில்லை. அவர் இல்லாத அந்தக் கூடத்துக்குள் நுழைவதை நினைத்தாலே கால் வரவில்லை.

"ஏட்டி, வாய மூடு. எல்லாக் கியரும் போட்டுப் பாத்தியா?"

"பாத்தாச்சுங்க!" என்று கத்தினேன். பார்க்கவில்லை. கத்திய கோபத்தில் லீவரைப் பின்னால் இழுத்து அடித்தேன். செவலை ஒரு உதை உதைத்துப் பின்பக்கம் நகர்ந்தது.

ரிவர்ஸ். எனக்குச் சோறு போட்ட பாக்ஸ், எனக்கே மறந்துபோயிற்று. ரிவர்ஸுக்கு வேறு கிளட்ச். அதில் பாக்ஸ் தானாகவே பிரஷரை ஒரேயடியாகக் கூட்டிக்கொள்ளும். ஸ்குரூ தப்பாக இருந்தும் மீட்டர் பதினைந்து காட்டுகிறது. கல் மாதிரி பிடிக்கிறது. வேகம்தான் கிடையாது. மணிக்கு ஏழு கிலோமீட்டர்.

பத்து மணி நேரம். அவரிடம் இருப்பது ஏழரை.

நாள் 412. 22:40.

மேட்டில் லாரியைத் திருப்பவே ஒரு மணி நேரம் போயிற்று. பின்புறத்தை நிலையத்தின் பக்கம் வைத்துக்கொண்டு போகிறேன். கண்ணாடிக்கு வெளியே தெரிவது நான் விட்டுவந்த இடம். போகிற இடம் பின்பக்கக் கேமராவின் சின்னத் திரையில் மட்டும். புகைக்குழாயும் பின்னால்தான். அதிலிருந்து வரும் நீராவி அந்த நொடியே பனியாகி விழுகிறது. காலையில் வரும்போது விழுந்த பனி தரையில் வெள்ளைக் கோடாகக் கிடக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் நிலையம். இப்போது விழுவது கேமராவை மூடுகிறது. அரை மணிக்கு ஒரு தடவை இறங்கித் துடைக்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டிருக்கிறேன். அசையாமல் படுத்தால் மூச்சு குறைவாகச் செலவாகும். எட்டு மணி நேரம் இழுக்கலாம். ஒன்பதுகூட இழுக்கலாம். அவரிடம் சொன்னேன். பதில் இது:

"அப்ப இனி பேசல பிள்ள. பேசுனா மூச்சு செலவு. பத்து நிமிசத்துக்கு ஒருக்க மைக்கத் தட்டுதேன். தட்டு கேட்டா ஆள் இருக்குன்னு அர்த்தம். தட்டு கேக்குத வரைக்கும் நீ வண்டிய நிறுத்தப்பிடாது. சரியா?"

"சரிங்கண்ணா."

"பொறவு ஒண்ணு. நானும் ஒண்ணே கால் வருசமா ஒங்கூட வேல பாக்கேன். ஒரு தடவகூட நீ என்னய சரியா செஞ்சீங்கன்னு சொன்னதில்ல. இன்னைக்கு மட்டும் சொன்ன பாத்தியா, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

சிரித்தார்.

"கோவம் இல்லயே?" என்றார்.

"உங்க மேல கோவமில்லாம நான் என்னைக்குங்கண்ணா இருந்தேன்?"

மறுபடி சிரித்தார். அந்தச் சிரிப்பு அரை நிமிட மூச்சாவது இருக்கும். மிச்ச மூச்சையாவது வைத்துக்கொள்ளட்டும் என்று நான் மைக்கைக் கீழே வைத்தேன்.

பிறகு ஒரு தட்டு வந்தது.

நாள் 413. 01:15. இன்னும் 53.

தட்டுகள் வருகின்றன. 'டொக்' என்று ஒன்று, அவ்வளவுதான். அவர் தட்டுவதில் ஒழுங்கு கிடையாது. பத்து நிமிடம் என்றால் எட்டில் ஒன்று வரும், அடுத்தது பன்னிரண்டில் வரும். நள்ளிரவு வால்வு திருகப் போனபோது இருபது நிமிடம் வராமல் என் உயிரை எடுத்தார். அதற்குப்பின் சேர்ந்தாற்போல் இரண்டு தட்டு. மன்னிப்புக் கேட்கிறாராம்.

ஒவ்வொரு தட்டுக்கும் நான் பதில் பேசிக்கொண்டே வருகிறேன், மைக்கை அழுத்தாமல். அவருக்குக் கேட்காது. கேமரா துடைத்தேன் என்கிறேன். டாங்க்கில் கால்வாசிதான் இருக்கிறது, ஆனால் மட்டாகப் போதும் என்கிறேன். போல்ட்டை எல்லாம் நான் வந்து மறுபடி இறுக்குவேன், நீங்கள் தொடாதீர்கள் என்கிறேன். இப்படிப் பேசினால் பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது. தட்டு வராத ஒன்பது நிமிடமும் யாருமே இல்லை.

நாள் 413. 04:45. இன்னும் 29.

நாலரை தாண்டிவிட்டது. தட்டு வந்தது!

நாலு மணி வால்வுக்குப் போய் வர அரை மணிக்கு மேல் எடுத்துக்கொண்டார். நான் செவலையின் ஸ்டியரிங்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நிஜமாகவே கடித்தேன். நாலு முப்பத்தாறுக்கு 'டொக்'. இப்போது மறுபடி ஒன்று. படுத்தே கிடந்து மூச்சை மிச்சம் பிடித்திருக்கிறார். கப்பல்காரர் கப்பல்காரர்தான். வாய்விட்டு அழுதேன். சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இன்னும் நாலு மணி நேரம் இப்படியே தட்டுங்கள். ஸ்பேனரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இனி கேட்கவே மாட்டேன்.

நாள் 413. 07:20. இன்னும் 11.

கழுத்து திரும்பவில்லை. வலது கை கட்டுக்குள் என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்கவில்லை. கேமராவைத் துடைக்க இறங்கினால் ஏற முடியுமா என்று சந்தேகம், அதனால் துடைக்காமல் ஓட்டுகிறேன். திரையில் வெள்ளைதான் தெரிகிறது. கோடும் வெள்ளை.

தட்டு வந்தது. 07:06. 07:16.

அதற்கு முன் 06:56. அதற்கு முன் 06:46.

எப்போதிருந்து இவ்வளவு சரியாகத் தட்டுகிறார்?

நான் அதை யோசிக்கப்போவதில்லை. தட்டு கேட்கிறவரைக்கும் வண்டியை நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான் பேச்சு. அவர் சொன்னதை ஒரே ஒரு தடவையாவது நான் குறை சொல்லாமல் கேட்கிறேன்

07:26. தட்டு.

நாள் 413. 08:50.

நிலைய விளக்கு. திரையில் இல்லை, பக்கக் கண்ணாடியில். டாங்க் முள் அடியில் கிடக்கிறது. 08:46-க்குத் தட்டு வந்தது. வருகிறேன் அண்ணா வருகிறேன் கதவை

நாள் 413. 21:30. கூடம்.

பிரிப்பான் ஓடுகிறது. ஒன்பதரைக்குக் கொட்டகைக்குள் நுழைந்தேன். குழாய்கள் உறையுமுன் வால்வைத் திருகிவிட்டேன். புதிய அடுக்கை மாட்டி முடிக்க மாலையாகிவிட்டது. கூடத்தில் முகமூடி இல்லாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆக்சிஜன் நிறைய இருக்கிறது. ஓராளுக்கு ரொம்ப அதிகம்.

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எழுதவே மாட்டேன்.

கொதிகலன் சுவரில் ஒவ்வொரு முறை வால்வு திருகியதற்கும் சாக்பீஸில் ஒரு கோடு போட்டிருக்கிறார். நாலு மணிக் கோடும் இருக்கிறது. கோணலாக, தரைப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அதை அவர் நின்றபடி போடவில்லை.

கொதிகலனின் வெப்பத்தைக் காகிதத்தில் பதியும் உருளை ஒன்று உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும். அதைக் கழற்றித் தூங்கும் அறையில் ரேடியோவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அதன் விளிம்பில் செப்புக் கம்பியால் எட்டாம் நம்பர் ஸ்பேனரைக் கட்டியிருக்கிறார். உருளை ஒரு சுற்று முடிக்கும்போது ஸ்பேனர் ஏறி, நழுவி, மைக்கின் மேல் விழும். மைக்கின் பொத்தானை நாடாவால் சுற்றி அழுத்தியே வைத்திருக்கிறார். கம்பி முறுக்கெல்லாம் ஒரே அளவில், வெகு நேர்த்தி. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அண்ணன் அதன் எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை மடியில் இருந்தது.

நான் கதவைத் திறந்தபோது ஸ்பேனர் ஒரு தடவை விழுந்தது. டொக்.

உருளையைக் கழற்றித் தூக்கி வந்து கட்டி முடிக்க ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். படுத்தே கிடந்திருந்தால் அந்த மூச்சில் இன்னும் எவ்வளவு நேரம் இருந்திருப்பார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அந்தக் கணக்கின்படியும் நான் தாமதம்தான்.

நாலு முப்பத்தாறுக்கு வந்ததே, நான் அழுதேனே, அந்தத் தட்டு அவருடையதா, உருளையுடையதா? எனக்குத் தெரியவில்லை. ஆளில்லாத இடத்துக்கு வரமாட்டேன் என்று நான் சொன்ன ஒரு வார்த்தையை அவர் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. இந்த ஒன்றையாவது தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம்.

நாள் 414. 15:00.

கொட்டகைக்கு வெளியே, வெள்ளைக் கோடு வந்து முடியும் இடத்தில், அண்ணனைப் புதைத்தேன். தரை பாறையாக இறுகிய பனி, விடிகாலையிலிருந்து இந்நேரம் வரை ஆயிற்று. அவருக்கு ஜெபம் சொல்ல எனக்குத் தெரியாது. அவர் வேலை செய்யும்போது முணுமுணுப்பது கொஞ்சம் காதில் விழுந்திருக்கிறது, அதைச் சொன்னேன். நடுவில் தப்பு வந்திருக்கும். அவர் என்னைத் திருத்தியிருப்பார்.

நாள் 421. 08:10.

பூமி சூரியனுக்குப் பின்னாலிருந்து வந்துவிட்டது. நடந்ததை எல்லாம் நேற்று அனுப்பினேன். இன்று பதில் வந்தது. ஆழ்ந்த வருத்தம் என்று ஆரம்பித்து நிறைய எழுதியிருக்கிறார்கள். கலம் வர பதினான்கு மாதம் ஆகுமாம். கடைசியில் இரண்டு வரி:

"நிலைய அலைவரிசையில் பத்து நிமிட இடைவெளியில் தொடர்ந்து ஓர் இடையூறு பதிவாகிறது. பழுதைக் கண்டறிந்து நீக்கவும். லாரியின் கியர் பாக்ஸையும் உடனே சரிசெய்யவும்."

லாரிக்கு வேலை கொஞ்சம்தான். மாற்று கிளட்ச் பிளேட் பெட்டியில் இருக்கிறது. அதை மாட்டிவிட்டு ஸ்குரூவை நாலு சுற்று வெளியே எடுக்க வேண்டும், அவர் ஏற்றிய இரண்டு, நான் கேட்ட இரண்டு. என் கையும் ஆறிவருகிறது. அந்த ஸ்குரூவுக்கு எட்டாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். இந்த நிலாவிலேயே அது ஒன்றுதான்.

செவலை கொட்டகையில் அன்று நின்றபடியே நிற்கிறது, பின்பக்கம் உள்ளே, முகம் வெளியே.

கலம் வந்து இந்தக் கதவைத் திறக்கிறவர்களுக்கு: தூங்கும் அறையில் ரேடியோ பக்கத்தில் இருப்பதைத் தொட வேண்டாம். உருளைக்கு நான் தினமும் எண்ணெய் விடுகிறேன். நான் வந்து வரவேற்காவிட்டாலும் அதைத் தொட வேண்டாம்.

பூமிக்கு என் பதில் இப்போதுதான் போயிற்று. ஒரு வரி.

"பழுது ஒன்றும் இல்லை. ஆள் இருக்கிறது."